ஒப்புக்கொடுத்த பிறகும் மிச்சமிருக்கும் வேலை: பாம்பன் கரையில் ஒரு குடிநோய்க் குடும்பம்

இந்த ஆய்வில் வரும் பெண்ணை மேரி என்று வைத்துக்கொள்வோம். பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வரை வீட்டுக்கு ஒரு மேரி இருப்பதால் இந்தப் பெயர் யாரையும் காட்டிக்கொடுக்காது. வயது, பிள்ளைகள் விவரம், சில இடங்கள் மாற்றப்பட்டுள்ளன. ஒன்றிரண்டு சம்பவங்கள் இதே நிலையில் உள்ள வேறு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் (தெருவாரி ஜெபக்குழு) நடத்துபவர்கள், மகளிர் குழு ஊக்குநர்கள், "என் வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டு வரும் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று திகைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வீடும் தொழிலும்

கணவருக்கு நாற்பத்திரண்டு வயது. ராமேசுவரம் துறையிலிருந்து போகும் விசைப்படகில் தொழிலாளி. பாக் நீரிணையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நாள் பிரித்துத் தொழில் செய்வது பழைய ஏற்பாடு. ஆகவே அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். படகு கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு கையில் விழும்போது விடிந்திருக்கும். அடுத்த தொழில்நாள் வரை வேலை இல்லை, கையில் காசு இருக்கிறது. இந்தக் கரையில் பல ஆண்களுக்குக் குடி பழகியது இந்த இடைவெளியில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலத்தில் அந்த இடைவெளி ஒரேயடியாக நீண்டுவிடும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் ஏறும் வாரம்தான் அந்த வீடு வருடத்திலேயே அதிகம் பயந்த வாரம்.

மேரி கடல்பாசி எடுப்பவர். விரல் ஒவ்வொன்றிலும் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, பாறை இடுக்கில் மூழ்கிப் பறிக்கிற வேலை. பாசி இல்லாத மாதங்களில் மண்டபத்துப் பக்கம் நண்டுக் கம்பெனிக்குப் போவார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

முதலில் கரையில் மட்டும் குடித்தவர், பிறகு படகுக்கும் ஒரு குவாட்டர் கொண்டு போக ஆரம்பித்தார். காலையில் கை நடுங்கும், ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கும். அளவு ஏறிக்கொண்டே போனது. இரண்டு சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாடு மதுச் சார்பு நோய்க்கு ஆறு அடையாளங்கள் சொல்கிறது: அடங்காத வேட்கை, கட்டுப்பாடு இழத்தல், நிறுத்தினால் உடம்பு படும் பாடு, அளவு கூடிக்கொண்டே போதல், மற்ற கடமைகள் பின்தள்ளப்படுதல், கேடு என்று தெரிந்தும் தொடர்தல். ஓராண்டுக்குள் மூன்று சேர்ந்து இருந்தாலே நோய் என்று கொள்ளலாம். இவருக்கு ஆறும் இருந்தன. ஆனால் வீட்டிலோ தெருவிலோ யாரும் இதை நோய் என்று சொன்னதில்லை. "பாவம்" என்றார்கள், "பழக்கம்" என்றார்கள், "யாரோ வச்ச செய்வினை" என்றும் சொன்னார்கள்.

மேரி ஜெபித்த விதம்

குறையே சொல்ல முடியாது. செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள். இரவில் செபமாலை. வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலில் மெழுகுவர்த்தி. புனித அருளானந்தர் 1693-இல் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கு ஒரு நேர்ச்சை: "இந்த வருசம் அவுக குடிய விட்டா நடந்தே வாரேன்." விடவில்லை. மறு வருடம் நேர்ச்சை பெரிதானது, மகளையும் கூட்டிக்கொண்டு நடந்து வருவதாக. அதற்கடுத்த வருடம் ஒரு வேளைச் சாப்பாடும் அதில் போனது.

அதே காலத்தில் வேறு சில வேலைகளும் நடந்துகொண்டிருந்தன. சட்டைப்பையைத் துழாவுவார். பாட்டிலைக் கண்டால் சாக்கடையில் கவிழ்ப்பார். "காய்ச்சலா இருக்காக" என்று சம்மாட்டிக்குப் போன் செய்வார். கடைக்காரரிடம் கணவர் வைத்த கடனை, மகளிர் குழுக் கடன் எடுத்து அடைப்பார். ஒருநாள் உறவுக்காரர் ஒருவர், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரைகளைக் கொண்டுவந்து, "சொல்லாமக் கொடு, தானா வெறுத்துரும்" என்றார். மேரி கரண்டிக் காம்பால் அதை நுணுக்கி மீன்குழம்பில் கலந்தார். கணவர் சாப்பிடும்போது அடுப்படியில் நின்று அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் செக்கச்செவேல் என்றாகி, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, நடைபாதையிலேயே சுருண்டு விழுந்தார்.

அது டைசல்பிராம். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்க வேண்டியது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பேருந்து நிலையச் சுவர்களில் "குடிப்பவருக்குத் தெரியாமலே" என்று விளம்பரம் செய்யும் பொடிகளும் இதே ஆபத்துதான். இந்த ஆய்வைப் படிக்கும் யாரும் இதைச் செய்யக் கூடாது.

மேரியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டு வருடம் அடி வாங்கி, கடன் அடைத்து, தூக்கம் கெட்ட ஒருத்தி கையில் கிடைத்ததைப் பிடிக்கத்தான் செய்வாள். ஆனால் இந்த மாத்திரைச் சம்பவத்தில்தான் அந்த வீட்டு ஜெபத்தின் உள்ளமைப்பு முழுசாகத் தெரிகிறது. "உம் கையில் விட்டுவிட்டேன் ஆண்டவரே" என்று வாய் சொல்கிறது, கை மாத்திரை நுணுக்குகிறது. கணவர் எப்படி, எப்போது, எந்தத் திருநாளுக்குள் மாற வேண்டும் என்ற திட்டம் மேரியிடம் இருந்தது. கடவுள் அதை நிறைவேற்றித் தர வேண்டும். நேர்ச்சை அதற்கான கூலி. மேரியே பின்னால் சொன்னார்: "வடத்த என் கையில இறுக்கிச் சுத்தி வச்சுக்கிட்டு, படக நீரே இழும்னு கேட்டுக்கிட்டு இருந்துருக்கேன் அக்கா. உள்ளங்கைத் தோலு உரிஞ்சதுதான் மிச்சம்."

தவக்காலச் சத்தியம்

ஒரு திருநீற்றுப் புதன் அன்று கணவர் பீடத்தின் முன்னால் சத்தியம் செய்தார்: உயிர்ப்பு ஞாயிறு வரை தொடமாட்டேன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மேரி அழுதார். பத்து வருடக் குடியை அன்று காலையோடு நிறுத்தியாயிற்று.

வியாழன் இரவு வலிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை, தெருவே சிலுவைப்பாதைக்குப் போயிருந்த நேரம், சுவரில் பாம்புகள் வலையோடு தொங்குகின்றன என்று கத்தினார். வேர்த்துக் கொட்டியது. பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. பேய் என்று முடிவானது. பக்கத்து ஊர் ஜெபவீடு ஒன்றில் கட்டிவைத்து மூன்று நாள் உபவாசம் இருக்க வேண்டும் என்று ஒரு உறவினர் ஆட்டோவே பிடித்துவிட்டார். நர்சிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நாடி பிடித்துப் பார்த்து, "இது பேய் இல்ல சித்தி, நிறுத்துனதால வர்றது, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். ஆட்டோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திரும்பியது.

அவள் சொன்னது சரி. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பம், பிரமைக் காட்சிகள், காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்த கடும் நிலை வரலாம். வைத்தியம் இல்லாவிட்டால் இதில் உயிரிழப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தை முதலில் கூடுதலாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற பி1 ஊசி போடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போய் மூளையைப் பாதிக்கும் என்பதால் அது அவசியம்.

கட்டிவைப்பது பற்றி இந்த மாவட்டத்துக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அதன் பிறகு அங்கே தர்காவின் தொழுகையோடு மனநல மருத்துவத்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. எந்த மதத்துப் புனித இடமானாலும் அந்த ஏற்பாடுதான் சரி என்பது என் எண்ணம். சத்தியம் வாங்கும் பங்குச்சாமிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சத்தியம் செய்ய வருபவரிடம், காலையில் கை நடுங்குகிறதா என்று கேளுங்கள். நடுங்கினால் முதலில் டாக்டர், பிறகு பீடம்.

(டப்ளினில் மாட் டால்பட் என்ற கூலித்தொழிலாளி 1884-இல் மூன்று மாதத்துக்கு மட்டும் மதுவிலக்கு வாக்குறுதி எடுத்து, அதை ஆறு மாதமாக்கி, பிறகு வாழ்நாள் முழுக்கக் காத்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. நம் மறையுரைகளில் இந்த உதாரணம் வரும்போது, எல்லா உடம்பும் அப்படித் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாக்குறுதி மூன்று மாதம்தான் என்பதையும்.)

"நான் எதுக்கு மண்டியிடணும்?"

கணவர் வார்டில் இருந்த நாட்களில்தான் மேரி என்னிடம் வந்தார். குடிநோயாளிகளின் மனைவிமாருக்கான சிறு கூட்டம் ஒன்று பங்கில் நடக்கிறது. அதன் முறை அல்-அனான் குழுக்களைப் பார்த்து அமைத்தது. 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் குடிநோயாளிகள் இருவர் சந்தித்ததிலிருந்து, குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது. அந்த இருவரில் ஒருவரான பில்லின் மனைவி லோயிஸ், அந்த அமைப்பின் மீட்சிப் படிகள் குடும்பத்தாருக்கும் வேண்டும் என்று கண்டுகொண்டு, 1951-இல் அல்-அனானைத் தொடங்கினார். முதல் படி இரண்டுக்கும் ஒன்றே: மதுவின் முன் நமக்குச் சக்தியில்லை என்று ஒத்துக்கொள்வது.

மேரிக்குக் கோபம் வந்தது. "குடிச்சது அவுக. கைமாத்து வாங்குனது அவுக. எனக்குச் சக்தி இல்லன்னு நான் எதுக்கு மண்டியிடணும்? நான்தான இந்த வீட்டத் தாங்குறேன்?" நியாயமான கோபம். அன்று அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து லூக்கா 18-ஆம் அதிகாரம் வாசித்தோம். பரிசேயர் நின்றுகொண்டு, மற்றவர்களைப் போல் நான் இல்லாததற்கு நன்றி என்று ஜெபிக்கிறார். வரிதண்டுபவர் மார்பில் அடித்துக்கொள்கிறார். மேரி தன்னை எப்போதும் வரிதண்டுபவர் பக்கம் வைத்தே கேட்டுப் பழகியவர். அன்று அமைதியாக இருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "நவநாள்ல நான் சொன்னது பூரா அவுக பாவக் கணக்குதான் அக்கா. என்னப் பத்தி ஒன்னும் சொன்னதில்ல. எனக்குப் பயமா இருக்குன்னுகூடச் சொன்னதில்ல" என்றார்.

தாழ்மை பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அது பெண்ணுக்கு மட்டும் பிரசங்கிக்கப்படும் புண்ணியமாகிவிட்டது. மேரி கன்னம் வீங்கிக் கோயிலுக்கு வந்தபோது மூத்த பெண் ஒருவர், "அது உன் சிலுவ ஆத்தா, பொறுத்துக்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கெத்சமனியில் இயேசு முதலில் கேட்டது, இந்தப் பாத்திரம் என்னை விட்டு அகலட்டும் என்பதுதான். வலி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே, உம் விருப்பப்படி ஆகட்டும் என்கிறார். அடி வாங்குவதை அந்த ஜெபத்துக்குள் செருக முடியாது. மேரிக்கு நாங்கள் சொன்னது: அவர் குடித்து வரும் இரவில் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மகள் போனிலும் வைக்க வேண்டும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அம்மா வீட்டுக்குப் போவது விசுவாசக் குறைவு இல்லை என்று பங்குச்சாமியும் ஒரு வார்த்தை சொன்னார். என்னுடைய பத்து வார்த்தையை விட அது அதிகம் உதவியது. மறைப்பதற்கில்லை.

மோனிக்கம்மாவின் மறுபாதி

ஆகஸ்ட் 27 வந்தால் அன்னையர் எல்லாருக்கும் புனித மோனிக்கா நினைவூட்டப்படுவார். மகன் அகுஸ்தீனுக்காகப் பல வருடம் கண்ணீர் விட்டவர், விட்டுவிடாமல் ஜெபித்தவர். கூட்டத்தில் அதே கதையின் இன்னொரு பகுதியைப் பேசினோம். மோனிக்கா ஒரு ஆயரிடம் போய், என் மகனிடம் பேசி அவன் தப்பறைகளை எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். ஆயர் மறுத்துவிடுகிறார். இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஆண்டவரிடம் மன்றாடு, அது போதும் என்கிறார். மோனிக்கா விடாமல் அழுது நச்சரித்த பிறகுதான், இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோக மாட்டான் என்ற அந்தப் புகழ்பெற்ற பதில் வருகிறது. பதிலில் பாதியைத்தான் நாம் படத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம்.

அகுஸ்தீனே எழுதியிருக்கும் இன்னொன்றைக் கேட்டு மேரி சிரித்துவிட்டார். சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சைரசம் எடுத்துவர அனுப்பப்பட்ட மோனிக்கா, தினம் கொஞ்சம் உறிஞ்சி உறிஞ்சி, கடைசியில் கோப்பை கோப்பையாகக் குடிக்கும் அளவுக்குப் போனாராம். வேலைக்காரப் பெண் ஒருத்தி சண்டையில் "குடிகாரி" என்று திட்டியதும் வெட்கப்பட்டு விட்டாராம். "அப்ப அந்த அம்மாவுக்கும் தெரிஞ்சுருக்கு" என்றார் மேரி. கணவரைப் பற்றி இளக்காரம் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதன் பிறகுதான்.

என்ன மாறியது

ஜெபம் சுருங்கியது. பாசிக்குப் போகும்முன் கரையில் நின்று சொல்வது இவ்வளவுதான்: "ஆண்டவரே, அவுக உம்ம ஆளு. நானும் உம்ம ஆளு. இன்னைக்கு நான் செய்ய வேண்டியதக் காட்டும்." நவநாளுக்கு இப்போதும் போகிறார், நேர்ச்சை மட்டும் இல்லை.

கடவுளிடம் விட்டது கணவரின் குடியை. திரும்ப எடுத்துக்கொண்டது தன் வேலைகளை. சட்டைப்பையைத் துழாவுவதை நிறுத்தினார். சம்மாட்டிக்குப் போன் செய்வதையும் நிறுத்தினார், தொழிலுக்குப் போகாததன் காரணத்தை அவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று. கடைக்காரரிடம் போய், இனிமேல் அவர் கணக்கை நான் அடைக்க மாட்டேன் என்று நேரில் சொன்னார். பாசிக் காசுக்குத் தனி வங்கிக் கணக்கு. இதில் கடினமானது எது என்று கேட்டேன். போன் செய்யாமல் இருந்ததுதான் என்றார். முதல் தடவை சம்மாட்டியே கூப்பிட்டபோது, அடித்துக்கொண்டிருந்த போனை முந்தானையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாராம்.

இதையெல்லாம் செய்தால் கணவர் திருந்துவார் என்று கூட்டத்தில் யாரும் உறுதி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் இதுவும் இன்னொரு நேர்ச்சையாகிவிடும். சில வீடுகளில் மனைவி எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கணவர் குடித்தே இறந்திருக்கிறார். அங்கே அந்தப் பெண்ணின் ஜெபம் தோற்றது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கணவரின் பக்கம்

மருத்துவமனையிலிருந்து வந்து ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு அவர் தம்பி போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. சேதி வந்த இரவே குடித்தார். மறுபடி மூன்று வாரம். இந்த நோயில் மறுபடி விழுவது சகஜம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் கோயிலை விட்டுத் தள்ளுவதில்லை.

அந்த மூன்று வாரத்தில் மேரி ஓரியூருக்கு நேர்ச்சை வைக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்க்கவில்லை. முதல் இரவே பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பகலில் ஒருமுறை வந்து, கணவர் தெளிவாக இருந்த நேரம் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா நான் கூட வாரேன். குடிச்சுட்டு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளைகளக் கூட்டி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவில்லையாம், ஆனால் முழங்கால் நடுங்கியதாம். மூன்றாம் வாரம் அவரே ராமநாதபுரம் பஸ் ஏறினார். இம்முறை வேட்கையைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்து, மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்குப் போகும்போது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஊரில் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனார், அதில் என்ன சொன்னார் என்று மேரி கேட்கவில்லை.

இப்போதைய நிலை

ஒன்பது மாதமாகக் குடிக்கவில்லை. பழைய சம்மாட்டி திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். மகளிர் குழுக் கடன் இன்னும் பாதி நிற்கிறது. மேரிக்கு இரவில் தூக்கம் கலையும் தொல்லை போகவில்லை. அதற்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்லி, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும் கொடுத்திருக்கிறேன், மனநல ஆலோசனை அதில் தமிழிலேயே கிடைக்கும். போதை மீட்புக்கென்று மத்திய அரசின் 14446 இருக்கிறது.

மூத்த மகள் அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டில் செபமாலை சொல்லும்போது அவர் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். "மன்னிக்கச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்று கணவர் என்னிடம் கேட்டார். சொல்ல மறுத்துவிட்டேன். அவள் எவ்வளவு பார்த்திருக்கிறாள் என்பது அவருக்கு ஞாபகமில்லை, பாதி இரவுகளில் அவர் நினைவோடு இல்லை. அவள் விரும்பினால் தனியாக வந்து பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒருமுறை வந்தாள், நர்சிங் சேர்வதற்கான விவரம் கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த தடைக்காலத்துக்கு ஏற்பாடு பேசியாகிவிட்டது. கணவர் மண்டபத்தில் வலை கோர்க்கும் வேலைக்குப் போவார். நிவாரணப் பணம் ஏறும் வாரத்தில் ஏடிஎம் அட்டையை, கரை திரும்பிவிட்ட தம்பியிடம் அவரே கொடுத்துவைப்பார். மேரியிடம் கொடுக்கத்தான் முதலில் வந்தார். மேரி வாங்கவில்லை.